மூத்தவனுக்கு ஒரு கீறல்

போவுவா துறையில் குடும்பத்துக்கு ஒரு குறி உண்டு.
எழுத்து வாசனை இல்லாத காலத்தில்
கத்தி முனையால் கீறிக்கொண்டது.
துடுப்பில், மிதவைக் கட்டையில்,
கல்யாணத்தன்று தேவாலய மேசையில்,
கடைசியில் கல்லறையில்.
எங்களுடையது ஒரு குறுக்குக் கோடு,
அதன் கீழ் பாதி மீன்முள்.
அப்பாவின் குறி மாறாமல் கடைக்குட்டிக்குப் போகும்.
நடுவிலானுக்கு இரண்டு கீறல் கூடுதல்.
மூத்தவன் நான்,
எனக்கு ஒன்று.

சான் பெத்ரு திருவிழா இரவு
தெருவெல்லாம் மத்திச் சுட்ட புகை.
அப்பா பெல்மிரோ வெறுங்காலோடு நின்று
பக்கத்து வீட்டு அவெலினோவுடன் வலைவிலை பேசிக்கொண்டிருந்தார்.
கருகும் வாசம் மீனுடையது இல்லை என்று
முதலில் கண்டுகொண்டது நாய்தான்.
குதிகாலில் ஒட்டியிருந்தது கங்கு.
அவர் விலை பேசி முடித்துவிட்டுத்தான் குனிந்து பார்த்தார்.

சின்னப் பாதங்களின் நோய்
என்பார்கள் இங்கே.
செல்லப்பெயர் வைத்தால்
கடிக்காது என்று நினைத்தார்களோ என்னவோ.

போர்த்தோ மருத்துவமனையில் டாக்டர் இல்துவாரா
தாளில் படகு வரைந்து காட்டினாள்.
(மீனவன் மகனுக்குப் படகு வரைந்தால் புரியும் என்று
யாரோ சொல்லியிருக்க வேண்டும்.
நான் ஓட்டுவது ஐஸ் லாரி.)
பதினெட்டாம் குரோமோசோமில் ஒரு மரபணு.
அதைப் படித்துக் கல்லீரல் கட்டி அனுப்பும் புரதம்
நான்கு துண்டு கைகோத்தால் ஒரு படகு.
தைராய்டுச் சுரப்பை ஏற்றிக்கொண்டு ரத்தத்தில் போகும்.
விட்டமின் ஏ ஏற்றிய சிறு தோணியொன்றையும்
பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகும்.
இரவு பகல் பாராத வேலை,
கூலி கேட்காத வேலை.

உங்கள் வீட்டில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்றாள்.
முப்பதாம் மணியில் வாலின் இருக்க வேண்டிய இடத்தில்
மெத்தியோனின்.
அதனால் பிடி தளர்கிறது.
நால்வரும் கைவிட்டுத் தனித்தனியாகிறார்கள்.
தனியானவன் உருக்குலைகிறான்.
உருக்குலைந்தவர்கள் ஒருவரையொருவர் பற்றி
நாராய்த் திரிந்து நரம்பில் படிகிறார்கள்.
நீண்ட நரம்பு முதலில் சாகும்,
அதனால்தான் பாதம்.

நடுவிலான் செலெஸ்தினோ லக்சம்பர்க்கில் சாரம் கட்டுகிறான்.
ரத்தம் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.
கேட்டால் அங்கே மழை என்று பேச்சை மாற்றுகிறான்.
கடைக்குட்டி அதேரித்தோவுக்கும் எனக்கும்
ஒரே வியாழக்கிழமை முடிவு வந்தது.
அவனுக்கு இல்லை.

அப்பாவின் குறி அவனுக்கு.
அப்பாவின் எழுத்து எனக்கு.
நாணயத்தைச் சுண்டியவருக்கு
எங்கள் துறையின் வழக்கம் தெரியாது.

காலையில் ஒரு மாத்திரை.
படகில் சரக்கு உட்காரும் இருக்கையில்
அது போய் உட்கார்ந்துகொள்கிறதாம்,
நால்வரையும் பிரிய விடாமல்.
என்னுள்ளே முன்பின் தெரியாத ஒருவன்
பயணச்சீட்டில்லாமல் உட்கார்ந்து
படகைக் காக்கிறான்.
நிறுத்திவிடும் என்று சொல்ல முடியாது,
தாமதப்படுத்தும் என்றாள் இல்துவாரா.
தாமதம் போதும் என்றேன்.
குளிக்கும் நீரை முழங்கையால் தொட்டுப் பார்க்கிறேன்.
புது செருப்பு வாங்கினால் உள்ளே விரல் விட்டுத் துழாவுகிறேன்.

அதேரித்தோ அதன்பிறகு என் முகம் பார்த்துப் பேசவில்லை.
திருடியவன் போல வாசலில் மீன் வைத்துவிட்டுப் போவான்.
மார்கழிக் குளிரில் ஒரு விடிகாலை
லாரியின் பின்கதவைத் திறந்து ஏறினான்.
பூட்ஸைக் கழற்றினான். காலுறையைக் கழற்றினான்.
நொறுக்கிய ஐஸ்மேல் நின்றுகொண்டு
"ஏறுடா, யார் முதலில் காலை எடுக்கிறான் பார்ப்போம்" என்றான்.

சின்ன வயதில் இதில் நான் தோற்றதில்லை.

ஒன்று, இரண்டு என்று அவன் எண்ணினான்.
நாற்பதில் ஊசி.
ஐம்பதில் ஆயிரம் ஊசி.
அறுபத்திரண்டில்
அவன் பிறப்பையும் என் பிறப்பையும் சேர்த்துத் திட்டி
கீழே குதித்தேன்.

அவன் இறங்கவில்லை.
நீலம் பாரித்த கால்களோடு
ஐஸ்மேலேயே நின்றான்,
"தோத்துட்டே, தோத்துட்டே" என்று
மூக்கு ஒழுகக் கத்திக்கொண்டு.
துறையில் ஏலம் தொடங்கியிருந்தது.
என் பாதம் எரிந்தது,
அப்படி எரிந்தது.